இரண்டு பேராகத் திரும்பும் வழி

மதினி,

இன்று எட்டாம் வகுப்பில் ஐரோப்பா படத்தை விரித்தேன். கோடை விடுமுறை முழுக்கச் சுருட்டி வைத்திருந்த துணிப்படம். பூச்சி அரிக்காமலிருக்க உள்ளே வேப்பிலை போட்டுச் சுருட்டுவது எங்கள் பள்ளிக்கூட வழக்கம். கட்டை அவிழ்த்ததும் காய்ந்த வேப்பிலையும் பழைய வார்னிஷும் கலந்த வாசம் முகத்தில் வந்து மோதியது. பிள்ளைகள் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். குச்சியைக் கையில் எடுத்துவிட்டேன், ஆனால் பாடம் எங்கே ஆரம்பிக்க வேண்டும் என்று ஒரு நிமிஷம் தெரியவில்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, இந்தப் படத்தின்மேல் முழங்காலை ஊன்றி, இத்தாலியிலிருந்து மேலே விரலை நகர்த்திக்கொண்டு போகிற உங்களைத்தான் கண் பார்த்தது.

அப்போது இந்தப் படம் புதிது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் தலைமை ஆசிரியையிடம் கேட்டு வீட்டுக்கு எடுத்து வருவேன். திங்கட்கிழமை காலையில் திருப்பி வைத்துவிட வேண்டும். எதற்கு என்று அந்த அம்மாள் கேட்டதற்கு, பாடம் தயார்செய்ய என்று சொல்லியிருந்தேன். நம் வீட்டு நடுக்கூடத்தில் அதை விரித்தால் சுவருக்குச் சுவர் வரும். ஆத்தா அதைத் தாண்டிப் போகமாட்டாள். சுற்றிக்கொண்டுதான் அடுப்படிக்குப் போவாள். மகன் எங்கேயோ அந்தத் துணிக்குள் இருக்கிறான் என்று அவளுக்கு ஒரு நினைப்பு.

அண்ணன் சீமைக்குப் போனது ஐம்பத்தைந்தில். வேலை பார்த்த கம்பெனியே இங்கிலாந்தின் வடக்கே இருக்கும் ஒரு இயந்திரத் தொழிற்சாலைக்குப் பயிற்சிக்கு அனுப்பியது. இரண்டு வருஷம் என்றார்கள். உங்களுக்குக் கல்யாணமாகி நான்கு வருஷம், குழந்தை இல்லை. முதல் வருஷம் வாரம் ஒரு கடிதம் வந்தது. பிறகு மாதம் ஒன்று. அப்புறம் ஒரு தாளில் நான்கு வரி. கடைசியாக வந்ததில் தான் தங்கியிருக்கும் வீட்டில் இரவில் யாரோ தன் அறைக் கதவை வெளியிலிருந்து பூட்டுகிறார்கள் என்று எழுதியிருந்தார். 

ஐம்பத்தெட்டு ஆடியில் ஆஸ்பத்திரியிலிருந்து ஆங்கிலத்தில் கடிதம் வந்தது. படித்துச் சொல்ல வேண்டியவள் நான். மனநோய் ஆஸ்பத்திரி என்பதை எந்தச் சொல்லால் சொல்வது என்று தெரியாமல், மூளைக் களைப்பு என்று ஆரம்பித்தேன். நீங்கள் நிறுத்தச் சொன்னீர்கள். எழுதியிருப்பது எதுவோ அதை அப்படியே சொல் என்றீர்கள். சொன்னேன். அண்ணன் யாரோடும் பேசுவதில்லை. அறைக் கதவு திறந்திருந்தால் அமைதியாக இருக்கிறார். மூடினால் பயந்து கலவரமாகிவிடுகிறார். சொந்த ஊரில் சொந்த மொழிக்காரர்களோடு இருந்தால் தேற வழி உண்டு. ஆனால் தனியே அனுப்ப முடியாது, விமானத்தில் ஏற்றவே முடியாது. குடும்பத்தில் ஒருவர் வந்து அழைத்துப் போகலாமா என்று டாக்டர் கேட்டிருந்தார்.

அப்பா இல்லாத வீடு. முடிவு சொல்ல வேண்டியவர் சித்தப்பா. அவர் கெட்ட மனிதர் இல்லை, மதினி. அது உங்களுக்கும் தெரியும். இளைப்பு நோய்க்காரர், திருச்சியைத் தாண்டியதில்லை, ஆங்கிலம் ஒரு எழுத்துத் தெரியாது. பயந்துவிட்டார். எனக்குப் புதுக்கோட்டையில் ஒரு இடம் பேசி முக்கால்வாசி முடிந்திருந்தது. வைகாசியில் கல்யாணம் என்று இருந்தது. அது முடியட்டும், அதுவரை ஆஸ்பத்திரியில் நன்றாகத்தானே பார்த்துக்கொள்கிறார்கள், விஷயம் வெளியே போனால் இந்தப் பெண்ணின் கதி என்ன என்று கேட்டார். அவர் என்னைக் காட்டித்தான் பேசினார். நான் தூணோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

நீங்கள் அதுவரை அவருக்கு எதிரே உட்கார்ந்தது கூட இல்லை. அன்றும் நின்றுகொண்டுதான் சொன்னீர்கள்.

"அவுகளுக்கு அங்க நம்ம பேச்சுப் பேச ஒரு ஆளு இல்லை மாமா. வைகாசி வரைக்கும் ஒரு மனுசன் பேசாம இருக்க முடியுமா? நான் போயிட்டு வாரேன்."

சித்தப்பா உங்களைப் பார்க்காமல் ஆத்தாவைப் பார்த்தார். ஆத்தா அழுதாள். அதற்குமேல் யாரும் தடுக்கவில்லை. யாரும் சரி என்றும் சொல்லவில்லை. உங்கள் நகைகள் போயின. ஒருவர் போக, இருவர் வர மட்டுமே பணம் தேறியது. அதனால் நான் கூட வருவது என்ற பேச்சே எழவில்லை.

லண்டனிலிருந்து நேரே பம்பாய் வரும் கப்பல்களில் நம் கைக்கு எட்டிய வகுப்பில் மாதக்கணக்கில் இடமில்லை. அதோடு கடலில் இருக்கும் நாள் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது என்று டாக்டரும் எழுதியிருந்தார். அதனால் பம்பாயிலிருந்து இத்தாலிக் கப்பலில் ஜெனோவா, அங்கிருந்து ரயிலில் பாரிஸ், பாரிஸிலிருந்து கலே என்ற துறைமுகம், அங்கே சின்னக் கப்பலில் கடலைக் கடந்து டோவர், டோவரிலிருந்து லண்டன். திரும்பும்போது இதே வழி தலைகீழாக. சென்னையில் ஒரு பிரயாணக் கம்பெனிக்கு நான் எழுதிக் கேட்டதற்கு இந்த வழி வந்தது. ஒவ்வொரு பெயரையும் படத்தில் தேடி விரலை வைத்துக் காட்டினேன். நீங்கள் எட்டாவதோடு நின்றவர். ஆனாலும் அந்தப் பாதை உங்களை மிரட்டவில்லை. மீமிசலில் பிறந்து, கொழும்பில் மளிகைக் கடை வைத்திருந்த அப்பாவோடு பிள்ளைப்பிராயத்தில் பல தடவை போய் வந்தவர் நீங்கள். தனுஷ்கோடி வரை ரயில், தலைமன்னாருக்குக் கப்பல், அங்கிருந்து மறுபடி ரயில்.

"ரயிலு, கப்பலு, திரும்ப ரயிலு. இதுதானே சிவகாமி? இதெ நான் பாவாடை கட்டையிலயே செஞ்சாச்சு" என்றீர்கள்.

அந்நியப் பெயர்கள் வாயில் நிற்கவில்லை என்பதால் கலேக்குத் தனுஷ்கோடி என்றும் டோவருக்குத் தலைமன்னார் என்றும் நீங்களே பெயர் வைத்துக்கொண்டீர்கள். "தனுஷ்கோடியில ஏறுனா தலைமன்னாரு, தலைமன்னாருல ஏறுனா தனுஷ்கோடி" என்று சொல்லிப் பார்த்தீர்கள். இருவரும் சிரித்தோம். அந்த வீட்டில் அந்த ஆறு மாதத்தில் நாம் சிரித்தது அநேகமாக அப்போது மட்டும்தான்.

பிரயாணக் கம்பெனி போட்டு அனுப்பிய திட்டத்தை நீங்கள் முழுதாகக் கேட்டுவிட்டு, போகிற பாதியை ஒதுக்கி வைத்தீர்கள். நான் ஒருத்தி போறதுக்குத் திட்டம் எதுக்கு, ஏறிவிட்டால் கொண்டுபோய் விட்டுவிடப் போகிறான். வருவதற்குத்தான் வேண்டும் என்றீர்கள். அன்றிலிருந்து நாம் தயார் செய்ததெல்லாம் வருகிற வழியை மட்டும்தான். எந்த இடத்தில் கதவு மூடப்படும்? எந்த இடத்தில் கூட்டம்? எங்கே சீருடைக்காரர்கள் வந்து கேள்வி கேட்பார்கள்? எந்த ரயிலில் நடைபாதை உண்டு, எதில் தனித்தனி அறை? ஒரு சாதாரண பயணி கேட்காத கேள்விகளாக எழுதி எழுதி அனுப்பினேன். பாவம், அந்தக் கம்பெனிக்காரர் ஒவ்வொன்றுக்கும் பதில் போட்டார். "என் கணவருக்கு உடல்நலமில்லை, தயவுசெய்து கதவைத் திறந்து வையுங்கள்" என்ற வாக்கியத்தைப் பிரெஞ்சிலும் இத்தாலிய மொழியிலும் எழுதி வாங்கி, அட்டையில் ஒட்டி, உங்கள் பைக்குள் வைத்தேன்.

பாரிஸில் ஒரு ஸ்டேஷனில் இறங்கி, ஊருக்குள் போய், வேறு ஸ்டேஷனில் ஏற வேண்டும் என்று தெரிந்தபோதுதான் உங்கள் முகம் மாறியது. இறங்க மாட்டேன் என்று அண்ணன் உட்கார்ந்துகொண்டால்? அதைச் செய்து பார்த்துவிடுவோம் என்றீர்கள். ஒரு சனிக்கிழமை புதுக்கோட்டை ஸ்டேஷனுக்குப் போய், திருச்சி பாசஞ்சரில் ஏறினோம். நான் அண்ணன். கீரனூரில் இறங்க வேண்டும், நான் இறங்கக்கூடாது. இதுதான் ஒத்திகை. விளையாட்டாகத்தான் ஏறினேன். ஆனால் கீரனூர் வந்து நீங்கள் எழுந்து கையை நீட்டியபோது, எதிர் பெஞ்சுக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்க, தலையைக் குனிந்து அசையாமல் உட்கார்ந்திருந்த அந்தச் சில நிமிஷத்தில் எனக்கு உண்மையாகவே பயம் வந்துவிட்டது. நீங்கள் இழுக்கவில்லை, அதட்டவில்லை. மெதுவாக மறுபடியும் என் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். ரயில் கிளம்பிவிட்டது.

அடுத்த ஊர் பிளாட்பாரத்தில் திரும்பும் வண்டிக்காகக் காத்திருந்தோம். வெயில். வாங்கிய கடலையை நீங்கள் தின்னாமல் மடியில் வைத்திருந்தீர்கள்.

"அவுக எறங்கலைன்னா நானும் எறங்கமாட்டேன். அடுத்த ஊருக்குப் போயி திரும்பி வருவோம். அதுக்கு எடம் வச்சு எழுதச் சொல்லு" என்றீர்கள்.

அப்படித்தான் எழுதினேன். வண்டி மாறுகிற ஊர்களில் எல்லாம் ஒரு நாளோ அதற்கு மேலோ இடைவெளி. ஜெனோவாவில் கப்பலுக்கு ஒரு வாரம் முன்பே வந்து சேர்ந்துவிடுவது. வண்டி தப்பினாலும் பயணம் தப்பாது.

ஒரே ஒரு விஷயத்தில் நாம் இருவரும் ஒத்துப்போகவில்லை. லண்டனில் ராத்திரி ஏறினால், ரயில் பெட்டியையே கப்பலுக்குள் தள்ளி ஏற்றிக் கடலைக் கடந்து, காலையில் பாரிஸில் கொண்டுவந்து விடுகிற வண்டி ஒன்று உண்டு. படுத்தவர் எழ வேண்டாம். அண்ணனுக்குக் கடல் கண்ணிலேயே படாது. எப்படியாவது பணம் புரட்டி அதில் இடம் பிடித்துவிட வேண்டும் என்று நான் சொன்னேன். பெட்டிக்குக் கதவு உண்டா என்று கேட்டீர்கள். தூங்கும் பெட்டி, உண்டு என்றேன். வேண்டாம் என்றீர்கள். பகலில், திறந்த மேல்தட்டில், தண்ணீரைப் பார்த்துக்கொண்டு வரட்டும். உங்கள் முடிவு சரியா, என் யோசனை சரியா என்று இந்த ஒன்பது வருஷமும் நான் நினைத்துப் பார்க்காத மாதம் இல்லை. பதில் கிடைத்ததில்லை.

நீங்கள் கிளம்புவதற்குக் கொஞ்சம் முன்னால் புதுக்கோட்டைச் சம்பந்தம் நின்றுபோனது. பாஸ்போர்ட்டுக்காக வந்த போலீஸ்காரரின் விசாரணை ஊரில் பேச்சைக் கிளப்பிவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் காரணம் எதுவும் சொல்லவில்லை, ஜாதகம் மறுபடி பார்த்தோம் என்றார்கள். உங்கள்மேல் எனக்குக் கோபம் இருந்தது, மதினி. அதே கோபத்தோடு உங்கள் பெட்டியில் கம்பளிச் சட்டையை மடித்து வைத்தேன். அதே கோபத்தோடு ஸ்டேஷனுக்கும் வந்தேன். உங்களுக்குத் தெரிந்திருந்தது. வண்டி ஏறுமுன், "ஒனக்குச் செஞ்சதை நான் மறக்கமாட்டேன்" என்று மட்டும் சொன்னீர்கள். மன்னிப்பு என்ற சொல்லை நீங்கள் சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. அன்று நீங்கள் போகாமல் இருந்திருந்தால் உங்களை எனக்குப் பிடித்திருக்காது என்பதும் எனக்குத் தெரிந்துதான் இருந்தது.

தை மாதம் தனியாகப் போனவர் சித்திரையில் வந்தீர்கள். இரண்டு பேராக.

மணப்பாறை பஸ்ஸிலிருந்து அண்ணன் முதலில் இறங்கினார். தலை பாதி நரைத்திருந்தது. பிடித்து இறக்க வேண்டியிருக்கவில்லை. சொன்ன இடத்தில் நின்றார், சொன்னபோது நடந்தார். ஊரே நிம்மதியாகப் பார்த்தது. சித்தப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆத்தா ஆரத்தித் தட்டோடு வாசலில் நின்றாள். படியில் கால் வைக்குமுன் அண்ணன் உங்கள் பக்கம் திரும்பி, இது எந்த ஊர் என்று கேட்டார்.

"இலுப்பூருங்க. நம்ம வீடு."

"தனுஷ்கோடி மாதிரியா?" என்றார்.

எங்கள் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. நீங்கள் மட்டும் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டீர்கள்.

அந்தக் கதையை நீங்கள் எனக்குச் சொல்லப் பல மாதம் ஆனது. கொல்லையில் விதைக்கடலை உடைத்துக்கொண்டிருந்தோம். கடலையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னீர்கள். ஆஸ்பத்திரியில் உங்களைப் பார்த்ததும் அண்ணன் பேசிவிட்டாராம். முதல் வார்த்தையே சாப்பிட்டியா என்பதுதானாம். டாக்டருக்கே கண் கலங்கிவிட்டதாம். லண்டன் வரை, டோவர் வரை, எல்லாம் நாம் எழுதியபடி நடந்தது. கப்பலில் மேல்தட்டில் உட்கார்ந்தீர்கள். பாதிக் கடலில் காற்று பலமாகிவிட்டது. அண்ணன் எழுந்து, என்னை எங்கே கொண்டுபோகிறார்கள் என்று கேட்க ஆரம்பித்தார். கம்பி ஓரத்துக்குப் போய்விட்டார். கப்பல்காரர்கள் இரண்டு பேர் ஓடி வந்து, கீழே ஓர் அறைக்குள் வைத்துக் கதவைப் பூட்டிவிடலாம் என்று கையால் காட்டினார்கள். நீங்கள் அட்டையைக் காட்டினீர்கள். காற்றில் அவர்கள் அதைப் படிக்கவில்லை. அண்ணன் தோளில் ஒருவன் கை வைத்துவிட்டான்.

"வாயில வந்துருச்சு சிவகாமி. 'இந்தா தனுஷ்கோடி தெரியுதுங்க, எறங்கிருவோம்'னு சொல்லிட்டேன். மாசக்கணக்கா சொல்லிப் பழகுன பேராச்சே."

அண்ணன் திரும்பிக் கரையைப் பார்த்தாராம். தனுஷ்கோடியா என்று கேட்டாராம். ஆமாம் என்றதும் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாராம். கப்பல்காரர்கள் விலகிப் போனார்கள். கலேயில் தானாக இறங்கி ரயில் ஏறினார். பாம்பன் பாலம் எங்கே என்று கேட்டார், தாண்டியாச்சு என்றீர்கள். மண்டபம் போயாச்சு, ராமநாதபுரம் வரும் என்றீர்கள். ஒரு பொய்க்குப் பின்னால் அடுத்தது தானாக வந்தது. நான்கு வருஷத்துக்குப் பிறகு உங்கள் தோளில் சாய்ந்து தூங்கினார். அந்த ரெண்டு மூணு மணி நேரந்தான் என் சம்சார வாழ்க்கை என்று நீங்கள் சொன்னபோது, உங்கள் கையில் கடலை நசுங்கியது.

பாரிஸில் விழித்தார். ஜன்னலுக்கு வெளியே கம்பளிக்கோட்டு ஜனங்கள், வாயிலிருந்து புகைபோல மூச்சு. போர்டைப் படித்தார். படித்த மனிதர், படிக்காமல் என்ன செய்வார்? உங்கள் பக்கம் திரும்பி, "இதுதான் மானாமதுரையா?" என்று கேட்டார். உண்மையைச் சொல்ல உங்களுக்கு வாய் வரவில்லை. அவர் உங்கள் கையிலிருந்து தன் கையை எடுத்துக்கொண்டார்.

இறங்கமாட்டேன் என்று உட்காருவார் என்றுதானே கீரனூர் ஒத்திகையெல்லாம். அவர் உடனே இறங்கினார். நாம் இடைவெளி விட்ட நாட்கள் எதுவும் தேவைப்படவில்லை. சொன்னதெல்லாம் செய்தார். "ஆஸ்பத்திரிக்காரங்க சொன்னா எப்படிச் செய்வாகளோ அப்படி. நானும் அவுகள்ல ஒருத்தியாயிட்டேன்" என்றீர்கள். அந்தப் பொய் மட்டும் சொல்லாமல் இருந்திருந்தால் பூட்டிய அறைக்குள் போயிருப்பார். சொன்னதால் வந்து சேர்ந்தார். வந்து சேர்ந்தவர் உங்களை நம்பவில்லை. இதில் நீங்கள் வேறு என்ன செய்திருக்க முடியும் என்று அன்று நான் கேட்டேன். நீங்கள் முறத்தைத் தட்டிவிட்டு எழுந்து போனீர்கள்.

அடுத்து வந்த வருஷங்களை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். அண்ணன் யாரையும் அடித்ததில்லை, கத்தியதில்லை. வீட்டில் எந்தக் கதவையும் சாத்தாமல் வைத்திருந்தோம். மழைச்சாரல் அடித்தாலும் அப்படியே. ஆத்தாவோடு இரண்டு வார்த்தை பேசுவார், என்னோடு பேசுவார். நீங்கள் இன்று வெள்ளிக்கிழமை என்றால் என்னிடம் வந்து என்ன கிழமை என்று கேட்பார். நீங்கள் குழம்பில் உப்புச் சரியாக இருக்கிறது என்றால் அதைத் தொடமாட்டார். அவருக்காகக் கடல் கடந்தவர் நீங்கள். அந்த வீட்டில் அவர் நம்பாத ஒரே ஆள் நீங்கள். ஒரு நாளும் அவரிடம் நீங்கள் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. ஆனால் குளத்துக்குத் துணி துவைக்கப் போனால் திரும்ப வெகுநேரம் ஆகும், கண் சிவந்திருக்கும்.

அறுபத்து நாலு மார்கழியில் அந்தப் புயல் வந்தது. நமக்கு இங்கே மரங்கள் சாய்ந்ததோடு போயிற்று. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, அண்ணன் கடைத்தெருவில் டீக்கடை ரேடியோவைக் கேட்டுவிட்டு வேகமாக வீட்டுக்கு வந்தார். நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். அவர் நேரே அடுப்படி வாசலில் போய் நின்றார். வந்து சேர்ந்த நாளிலிருந்து அவராக உங்களைத் தேடிப் போய் நின்றது அன்றுதான் முதல்.

"தனுஷ்கோடி இல்லையாமே" என்றார்.

நீங்கள் அடுப்பிலிருந்து திரும்பினீர்கள். சமாதானமாக ஏதாவது சொல்லிவிடப் போகிறீர்களே என்று பயந்தேன்.

"ஆமாங்க. இப்ப இல்லை. கடலு கொண்டுபோயிருச்சு."

"ரயிலுமா?"

"ரயிலுந்தாங்க. சனங்களோட போச்சு."

அவர் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அன்னைக்கி நாம அங்க வரலை" என்றார்.

"வரலைங்க. நான் பொய் சொன்னேன். உங்களைப் பூட்டிருவாகன்னு பயந்து சொன்னேன்."

சரி என்றார். அவ்வளவுதான். வாசற்படியில் உட்கார்ந்துகொண்டார். நீங்கள் தட்டு வைத்துச் சோறு போட்டீர்கள். சாப்பிட்டார். ஆறு வருஷமாக அந்த ஒரு வாக்கியத்தை எங்கே, எப்போது சொல்வது என்று தெரியாமல் வைத்திருந்தீர்கள் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. எத்தனையோ பேர் செத்த புயல் அது. மீமிசல் பக்கம் உங்கள் சொந்தக்காரர் வீட்டிலேயே ஒரு சாவு. அதில் போய் உங்களுக்கு இப்படி ஒரு கதவு திறந்ததே என்று நீங்களே வேதனைப்பட்டீர்கள்.

அதற்காக அவர் குணமாகிவிட்டார் என்று எழுத மாட்டேன். ஆகவில்லை. சில வாரங்கள் எல்லாம் பழையபடி போய்விடும். ஆனால் உங்களோடு கொல்லைக்கு வர ஆரம்பித்தார். கடலை பிடுங்கினார். நீங்கள் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டீர்கள். தெரிந்ததை மட்டும் அவரிடம் சொல்வது. தெரியாததைத் தெரியாது என்று சொல்வது. மழை வருமா என்று கேட்டால், வரும் என்று நாம் வாய்க்கு வந்ததைச் சொல்வோம். நீங்கள், எனக்குத் தெரியலைங்க, மேற்கே கருத்திருக்கு என்பீர்கள். அவர் எழுந்துபோய் மேற்கே பார்த்துவிட்டு வருவார். வந்து, ஆமாம் என்பார். அந்த ஆமாம் என்ற சொல்லுக்காக நீங்கள் காத்திருக்கும் முகம் எனக்கு நன்றாகத் தெரியும்.

இரண்டு வருஷம்கூட முழுதாகக் கிடைக்கவில்லை. போன ஐப்பசியில் உங்களுக்கு மஞ்சள் காமாலை. கீழாநெல்லி, பத்தியம் என்று நாள் போய், புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது டாக்டர் எங்களைத் திட்டினார். நீங்கள் கண் விழித்திருந்த கடைசி நாட்களில் அண்ணனைப் பற்றி எனக்கு நிறையச் சொல்லுவீர்கள் என்று நினைத்தேன். ஒன்றுதான் சொன்னீர்கள்: "அவுக கேட்டா நான் எப்படி இருக்கேன்னு உள்ளதைச் சொல்லு."

நீங்கள் போன அன்று சித்தப்பா என்னைத் தனியே அழைத்தார். கிழவர் ஒடுங்கிப் போயிருந்தார். பொறந்த வீட்டுக்குப் போயிருக்குன்னு சொல்லிவை, தாங்கமாட்டான் என்றார். அவர் நல்லதற்குத்தான் சொன்னார். நான் அண்ணனிடம் போய், மதினி செத்துப்போச்சுண்ணே என்றேன். அழைத்துக்கொண்டுபோய்க் காட்டினேன். அவர் உங்கள் பாதத்தைத் தொட்டுப் பார்த்தார். குளிர்ந்திருக்கு என்றார். ஆமாண்ணே என்றேன். அதன் பிறகு கொள்ளி வைத்து முடிக்கும்வரை அவர் செய்ய வேண்டியதெல்லாம் தானே செய்தார்.

இப்போது வீட்டில் நானும் ஆத்தாவும் அவரும். பள்ளிக்கூடம் விட்டு வந்து கொல்லையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அவரோடு உட்காருகிறேன். என் வயதுக்காரிகளின் பிள்ளைகள் என்னிடமே படிக்க வருகிறார்கள். கோபமெல்லாம் எப்போதோ தேய்ந்துவிட்டது. ஆனால் இல்லவே இல்லை என்று சொன்னால் உங்களுக்கே பிடிக்காது.

இன்று சாயங்காலம் நான் பேசாமல் இருப்பதைப் பார்த்து அண்ணன் காரணம் கேட்டார். தலைவலி என்று சொல்ல நாக்கு வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. மதினி ஞாபகமா இருக்குண்ணே, உங்களை நான் தனியா எப்படிப் பாத்துக்கப்போறேன்னு பயமா இருக்கு என்றேன். 

"எனக்குந்தான்" என்றார்.

பிறகு எழுந்துபோய், எனக்கு ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். வாங்கிக் குடித்தேன். உங்களிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இவ்வளவுதான், மதினி. கஷ்டமாக இருந்தாலும் இதை வைத்துக்கொண்டு நாட்களை ஓட்ட முடிகிறது.

சிவகாமி